பூவுக்குப் பின்னால் ஒரு முகம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், களப்பணியாளர்கள் சார்பில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நாங்கள் இந்த மேடைக்கு வந்தால் சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்றுதான் வாசிப்போம். இன்று அந்தக் கணக்கைப் பொருளாளர் அக்கா வாசித்துவிட்டார். அதனால் நாங்கள் வேறு ஒரு விஷயம் பேசப் போகிறோம். ஒரு ஓவியத்தைப் பற்றி. "கடன் வசூலை விட்டுட்டு ஓவியம் எதுக்கு?" என்று பின் வரிசையில் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். காரணம் இருக்கிறது.

நம் கூட்டமைப்பின் ஆண்டு மலரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை அச்சடித்தது நாங்கள்தான். முதல் பக்கத்தில் பெரிதாக ஒரு போட்டோ. சிறப்பு விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கும் படம். புத்தகம் வந்த வாரம் ஒரு கிராமக் கூட்டத்துக்கு எடுத்துப் போனோம். வயதான ஒரு அம்மா அதை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூங்கொத்துக்குப் பின்னால் பாதி மறைந்த ஒரு முகம். அதில் விரலை வைத்து, "இது நாந்தானே கண்ணு? என் பேரு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார்.

பெயர் எங்கும் இல்லை. அந்தப் பகுதியில் முதல் குழு தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பெண்களைக் கூட்டி வந்தவர் அவர். முதல் கணக்கு நோட்டு அவர் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் இருந்தது. இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டோம். விருந்தினர் பெயரைப் போட்டோம், அதிகாரிகள் பெயரைப் போட்டோம், எங்கள் நிறுவனத்தின் பெயரை நாலு இடத்தில் போட்டோம். அவர் பெயரைப் போடவில்லை.

பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தோம். அப்போது எங்களில் ஒருவருக்கு எப்போதோ படித்த ஒரு ஓவியத்தின் கதை நினைவுக்கு வந்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

புல்லுக்கு அடியில் ஒரு பெண்

ஐரோப்பாவில் நெதர்லாந்து என்று ஒரு நாடு. அங்கே ஆட்டர்லோ என்ற ஊரில் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் ஒரு சின்ன ஓவியம். சுமார் 40 சென்டிமீட்டர் நீளம், 31 சென்டிமீட்டர் அகலம். ஒரு பெரிய தாம்பாளத்துக்குள் அடங்கிவிடும். அதில் ஆள் இல்லை, வீடு இல்லை, மரம் இல்லை. பச்சையும் மஞ்சளுமாகப் புல் மட்டும்தான். வரைந்தவர் வின்சென்ட் வான்கோ. வருடம் 1887. ஊர் பாரிஸ்.

இந்தப் படத்தை ஒரு கூட்டத்தில் காட்டியபோது ஒரு அக்கா, "தினம் களை எடுக்கிறவங்களுக்குப் புல்லைக் காட்டுறீங்களே!" என்று சொல்லிச் சிரித்தார். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தப் புல்லுக்கு அடியில் ஒரு பெண் இருக்கிறாள். தலையில் துணித் தொப்பி கட்டிய ஒரு விவசாயப் பெண்ணின் முகம். அந்த முகத்தின் மேலேயே புல்லை வரைந்திருக்கிறார்.

ஏன் அப்படிச் செய்தார்? அந்தப் பெண் மேல் கோபமா? இல்லை. கையில் காசு இல்லை, அவ்வளவுதான். ஓவியம் வரையும் துணிக்கும் சாயத்துக்கும் செலவு அதிகம். வான்கோவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிக் காப்பாற்றியது அவர் தம்பி தியோ. அதனால் பழைய படத்தின் மேலேயே புதுப் படம் வரைவார். நாம் பழைய சேலையைக் கிழித்துத் தூளி கட்டுவதில்லையா? அதுபோலத்தான். அவருடைய தொடக்க கால ஓவியங்களில் மூன்றில் ஒன்றுக்கு அடியில் வேறு படம் இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணக்கு.

யார் அந்தப் பெண்கள்?

வான்கோ 1883 கடைசியில் நூனென் என்ற கிராமத்துக்கு வந்தார். அது நெசவாளர்களும் விவசாயக் கூலிகளும் வாழ்ந்த ஊர். 1884–85 குளிர்காலத்தில் அந்த ஊர் ஏழைகளின் முகங்களை ஒவ்வொன்றாக வரைந்தார். சுமார் 40 முகங்கள். பணக்காரர் வீட்டுப் பெண்களைப் பட்டும் நகையுமாக வரைந்தால் காசு வரும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் உருளைக்கிழங்கு தோண்டும் பெண்களின் முகத்தைத்தான் தேடிப் போனார். வெயிலும் குளிரும் பட்டுக் காய்த்துப்போன முகங்கள்.

1885ல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' என்ற பெரிய படத்தை வரைந்தார். ஒரே விளக்கு வெளிச்சத்தில் ஐந்து பேர் கிழங்கு சாப்பிடுகிறார்கள். எந்தக் கை மண்ணைத் தோண்டியதோ அதே கைதான் இப்போது தட்டில் நீள்கிறது, உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் இவர்கள், இதைக் காட்டத்தான் வரைந்தேன் என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார். அந்த ஐந்து பேரில் கோர்டினா டெ க்ரோட் என்ற பெண்ணும் உண்டு. அவரை வான்கோ பல முறை வரைந்திருக்கிறார்.

அதே வருடம் கோர்டினா கர்ப்பமானார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? பழி ஓவியர் மேல் விழுந்தது. நான் காரணம் இல்லை என்று அவர் மறுத்தார். ஆனாலும் ஊர்ப் பாதிரியார், யாரும் அவர் முன்னால் போய் உட்காரக் கூடாது என்று தடுத்தார். போகாமல் இருந்தால் பணம் தருகிறேன் என்றுகூடச் சொன்னாராம். அதற்கு அந்த ஏழைகள் என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? உங்களிடம் கை நீட்டுவதைவிட அவரிடம் உட்கார்ந்து சம்பாதிப்பதே மேல் என்றார்களாம். வான்கோவே இதைத் தம்பிக்கு எழுதியிருக்கிறார்.

கவனிங்க சகோதரிகளே. ஓவியர் முன்னால் மணிக்கணக்கில் அசையாமல் உட்காருவதும் வேலைதான். அதற்குக் கூலி உண்டு. அந்தப் பெண்கள் சும்மா போஸ் கொடுக்கவில்லை, வேலை பார்த்தார்கள். அந்த வேலைக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் இன்று 'சுய உதவி' என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சு இதுதான் இல்லீங்களா?

பூ கூலி கேட்காது

ஆனாலும் ஊர்க் கட்டுப்பாடு பலித்தது. உட்கார ஆள் வருவது நின்றது. 1885 நவம்பரில் வான்கோ அந்த ஊரைவிட்டுக் கிளம்பினார். ஆன்ட்வெர்ப் நகரில் கொஞ்ச காலம் படித்தார். 1886ல் பாரிசில் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பாரிசில் அவர் நிறைய பூ வரைந்தார். சிவப்புக் கசகசாப் பூ, வெள்ளை ரோஜா, மஞ்சள் சாமந்தி. பார்க்க அழகாக இருக்கும். இவ்வளவு பூ ஏன் வரைந்தார் என்பதற்கு அவரே ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் காரணம் இருக்கிறது. ஆளை உட்கார வைத்து வரையக் கூலி கொடுக்கப் பணம் இல்லை, அதனால் பூக்களை வைத்து நிறம் பழகுகிறேன் என்றார்.

பூ கூலி கேட்காது. ஊர்ப் பேச்சுக்குப் பயப்படாது. அதனால் மனிதர்கள் இருந்த இடத்துக்குப் பூவும் புல்லும் வந்தன. நூனென் பெண்ணின் முகத்தின் மேல் பாரிசின் பச்சை ஏறியது. அதற்குப் பிறகு 120 வருடம் அவளை யாரும் முழுசாகப் பார்க்கவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

சுண்ணாம்பு அடித்த சுவரில் நல்ல மழை பெய்தால், அடியில் இருக்கிற பழைய எழுத்து மங்கலாகத் தெரியும், பார்த்திருப்பீர்கள். அதுபோல, அந்தப் புல் படத்தைச் சாதாரண எக்ஸ்ரே எடுத்தபோது ஏதோ ஒரு தலை இருப்பது மங்கலாகத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை.

டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோரிஸ் டிக், ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூன் யான்சென்ஸ் ஆகியோர் இருந்த குழு விடவில்லை. அந்தப் படத்தை ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் இருக்கும் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டு போனார்கள். ஊசி முனை போன்ற எக்ஸ்ரே கதிரை, புள்ளி புள்ளியாகப் படத்தின் மேல் நகர்த்தினார்கள். கதிர் பட்டதும் சாயத்தில் இருக்கிற ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஒரு கதிரைத் திருப்பி விடும். அதை வைத்து எந்த இடத்தில் என்ன சாயம் என்று சொல்லிவிடலாம். மேலே இருக்கிற புல்லைச் சுரண்டவே வேண்டாம்.

17.5 சென்டிமீட்டருக்கு 17.5 சென்டிமீட்டர், அவ்வளவு இடம்தான். அதற்கு இரண்டு நாள் ஆனது. நாட்டு மருந்துக் கடையில் சாதிலிங்கம் என்று ஒரு சிவப்புப் பொருள் கிடைக்குமே, பாதரசம் சேர்ந்தது, அந்தச் சிவப்பைத்தான் ஓவியர்களும் சாயமாகப் பயன்படுத்தினார்கள். பாதரசம் தெரிந்த இடத்தில் உதட்டின் சிவப்பும் கன்னத்தின் சிவப்பும் கிடைத்தன. ஆண்டிமனி என்ற உலோகம் கலந்த வெளிர் மஞ்சள், முகத்தில் வெளிச்சம் விழுந்த இடங்களைக் காட்டியது. இரண்டையும் சேர்த்ததும் அந்தப் பெண் எழுந்து வந்தாள். மூக்கு, கண், வாய் எல்லாம் தெளிவாக. இது 2008ல் உலகத்துக்குத் தெரிந்தது.

இதில் எங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மேலே பூசியதால் அவள் அழிந்துபோகவில்லை. உதட்டுச் சிவப்புகூட அப்படியே இருந்தது. தேடிப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடியில் இருந்தது மேலே இருப்பதைக் காப்பாற்றியது

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு படம் இருக்கிறது. காட்டுப் பூக்களும் ரோஜாக்களும் நிறைந்த பெரிய பூ ஓவியம். ஒரு மீட்டர் உயரம். வான்கோ வரைந்தது என்றுதான் வாங்கினார்கள். பிறகு சந்தேகம் வந்தது. படம் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, பூ இவ்வளவு நெருக்கமாக இருக்கிறதே, இது அவர் பாணியே இல்லையே என்றார்கள். 2003ல் அவர் பெயரை எடுத்துவிட்டு, வரைந்தவர் யாரென்று தெரியாது என்று போட்டார்கள்.

பூவுக்கு அடியில் இரண்டு மல்யுத்த வீரர்களின் படம் இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. புது முறையில் இன்னும் தெளிவாகப் பார்த்தபோது எல்லாம் பொருந்தி வந்தது. ஆன்ட்வெர்ப் கலைப்பள்ளியில் படித்தபோது, 1886 ஜனவரியில், இரண்டு மல்யுத்தக்காரர்களைப் பெரிதாக வரைந்தேன் என்று வான்கோ தம்பிக்குக் கடிதம் எழுதியிருந்தார். 2012ல் அவர் பெயரை மறுபடியும் போட்டார்கள்.

பார்த்தீர்களா? மேலே இருக்கிற பூ யாருடையது என்று சொன்னது அடியில் மறைந்திருந்த வேலை. அதற்குச் சாட்சி சொன்னது ஒரு பழைய கடிதம். அந்தக் கடிதம் இல்லையென்றால்? அந்தக் கடிதத்தை யார் பத்திரமாக வைத்திருந்தார்கள்? அங்கேதான் இன்னொரு பெண் வருகிறார்.

கணக்கு எழுதிய விதவை

வான்கோ 1890 ஜூலையில் இறந்தார். வயது 37. ஆறே மாதத்தில், 1891 ஜனவரியில், தம்பி தியோவும் இறந்தார். தியோவின் மனைவி யோஹன்னாவுக்கு அப்போது வயது 28. கையில் ஒரு வயதுகூட நிறையாத ஆண் குழந்தை. வீடு நிறைய, விலை போகாத ஓவியங்கள். கட்டுக் கட்டாகக் கடிதங்கள்.

அவர் பாரிசை விட்டு நெதர்லாந்தில் புஸும் என்ற ஊருக்கு வந்தார். தங்குபவர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுக்கும் விடுதி நடத்திப் பிழைத்தார். பகலெல்லாம் அந்த வேலை. மிச்ச நேரத்தில் மைத்துனரின் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினார். ஓவியங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பினார். 1905ல் ஆம்ஸ்டர்டாமில் 480க்கும் மேற்பட்ட படைப்புகளோடு பெரிய கண்காட்சி நடத்தினார். 1914ல் கடிதங்களைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

நமக்கு நெருக்கமான செய்தி இனிமேல்தான். தியோ ஒரு வீட்டுக் கணக்கு நோட்டு போட்டிருந்தார். அவர் இறந்த பிறகு யோஹன்னா அதை மூடவில்லை. அதே நோட்டில் தொடர்ந்து எழுதினார். எந்தப் படம் விற்றது, எவ்வளவு வந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. பெரிய அறிஞர்கள் இன்று அந்த நோட்டை வைத்துத்தான் பல ஓவியங்கள் எங்கிருந்து எங்கே போயின என்று கண்டுபிடிக்கிறார்கள். 2002ல் அந்தக் கணக்கு நோட்டே புத்தகமாக அச்சாகிவிட்டது!

வான்கோ பெயர் உலகம் முழுக்கத் தெரியும். யோஹன்னா பெயர்? அவர் இறந்தது 1925ல். அவருடைய முழு வாழ்க்கை வரலாறு அவர் நாட்டு மொழியில் வந்தது 2019ல். நடுவில் 94 வருடம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் இருக்கும் ஒரு வான்கோ ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்பக்கம் நூனென் விவசாயப் பெண்ணின் முகம். பின்பக்கம், அட்டைக்கும் பசைக்கும் அடியில், வான்கோ தன்னையே வரைந்துகொண்ட முகம். பத்திரிகைகள் எல்லாம் பின்னால் இருந்த புகழ்பெற்ற முகத்தைப் பற்றித்தான் எழுதின. முன்னால் இருந்த பெண்ணைப் பற்றி ஓரிரு வரி.

அவள் அடியில் இருந்தாலும் யாரும் பார்க்கவில்லை. எதிரிலேயே இருந்தாலும் பார்க்கவில்லை. மேலே பூசிய சாயத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை தோழிகளே. பார்க்கிற கண்ணிலும் கோளாறு இருக்கிறது. ஆண்டு மலரில் எங்களுக்கு நடந்ததும் அதுதான்.

இனி என்ன செய்யப் போகிறோம்?

அந்த அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். "மன்னிப்பெல்லாம் எதுக்கு? அடுத்த புத்தகத்துல எழுதுங்க. என் பேரை மட்டும் எழுதாதீங்க, அப்போ இருந்த பன்னெண்டு பேரையும் எழுதுங்க" என்றார். பிறகு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். மூன்று பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். ஒருவர் பெயர் அவருக்கே ஞாபகம் வரவில்லை. "முருகன் பொண்டாட்டின்னுதான் கூப்பிடுவோம், சொந்தப் பேரு என்னமோ" என்றார். தகரப் பெட்டியைத் திறந்து பழைய வருகைப் பதிவேட்டைப் பார்த்தோம். அதிலும் 'முருகன் மனைவி' என்றுதான் இருந்தது. எழுதியது அப்போதிருந்த எங்கள் நிறுவனப் பணியாளர்.

எந்த எக்ஸ்ரே வைத்து அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பது, சொல்லுங்கள்? சாயம் பூசிய முகத்தை 120 வருடம் கழித்தும் எடுத்துவிட்டார்கள். எழுதாமலே விட்ட பெயரை எடுக்க ஒரு கருவியும் கிடையாது.

அதனால் மூன்று வேலைகளை முன்வைக்கிறோம். உங்கள் குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானமாக எழுதுங்கள்.

ஒன்று: ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், தொடங்கியபோது இருந்த எல்லா உறுப்பினர்களின் பெயரையும் எழுத வேண்டும். விலகியவர், இறந்தவர் உட்பட. இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்று வேண்டாம். அவரவர் சொந்தப் பெயர்.

இரண்டு: யார் எந்த வருடம் கணக்கு எழுதினார், யார் வங்கிக்கு நடந்தார், யார் வீட்டுத் திண்ணையில் கூட்டம் நடந்தது என்பதையும் எழுதுங்கள். சின்ன வேலை என்று எதையும் விடாதீர்கள்.

மூன்று: பழைய நோட்டுகளை எடைக்குப் போடாதீர்கள். கரையான் அரிக்காமல் பெட்டியில் வையுங்கள். இருக்கிற பெரியவர்களிடம் இந்த மாதமே போய்க் கேளுங்கள். அடுத்த மாதம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

எங்கள் பங்குக்கு, அடுத்த ஆண்டு மலரின் முதல் பக்கத்தில் அந்தப் பன்னிரண்டு பேரின் பெயர் வரும். பதினொரு பெயர் கிடைத்துவிட்டது. பன்னிரண்டாவது பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குடும்பம் பிழைப்புக்குப் போன ஊருக்கு எங்கள் பணியாளர் ஒருவர் அடுத்த வாரம் போகிறார். உங்களில் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

பூங்கொத்து கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. போட்டோ எடுக்கும்போது கொஞ்சம் கீழே இறக்கிப் பிடிப்போம். பின்னால் நிற்பவர் முகம் தெரியட்டும்.